சோம்பேறியின் செங்கோல்

சோம்பேறியைப் பற்றி யாரும் நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. எங்கள் கிராமத்து வீட்டில் பெரியப்பா ஒருவர் இருந்தார். கூடத்து ஊஞ்சலில் சாய்ந்தபடி, எட்டடி தூரத்தில் கிடக்கும் விசிறியை எடுத்துக் கொடுப்பதற்காகக் கொல்லையில் விளையாடிக்கொண்டிருக்கும் எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். ஒருவன் ஓடி வந்து சேருவதற்குள் அவரே நாலு தடவை எழுந்து எடுத்திருக்கலாம் என்று எங்களுக்குத் தோன்றும். "உட்கார்ந்த இடத்திலிருந்தே ஊரை ஆள வேண்டும் என்று ஜாதகம் அவருக்கு!" என்று பெரியம்மா பரிகாசம் செய்வாள். நாங்கள் சிரிப்போம். அந்தச் சிரிப்புக்கு நான் வட்டியோடு பணம் கட்டியது 2003-ஆம் வருஷத்தில்.

ஐப்பசி அடைமழை. கிணற்றடியில் பாசி. வழுக்கி விழுந்தேன். இடது காலில் மாவுக்கட்டுடன் ஆறு வாரம் படுக்கை. பத்தடி தூரத்தில், ஜன்னலை ஒட்டிய மேஜையில், என் கம்ப்யூட்டர் உட்கார்ந்திருந்தது. அதற்குள் நான் எழுதி முடித்திருந்த நாவல் முழுவதும் இருந்தது. ஒரு தடவை நிதானமாகப் படித்துப் பார்த்துவிட்டு அச்சுக்கு அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. ஆனால் பக்கம் புரட்ட வேண்டுமானால் ஒருவரைக் கூப்பிட வேண்டும். பாட்டை மாற்ற வேண்டுமானால் ஒருவரைக் கூப்பிட வேண்டும். சத்தத்தைக் குறைக்க வேண்டுமானாலும் கூப்பிடத்தான் வேண்டும். முதல் நாள் ஓடி வருகிறவர்கள் பத்தாம் நாள் நடந்து வருகிறார்கள். அது அவர்கள் குற்றம் இல்லை. அடுப்பில் பால் இருக்கும். ஆனால் கூப்பிடுகிறவனுக்கும் குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து போகிறது. பன்னிரண்டாம் நாள் நான் கூப்பிடுவதை நிறுத்திவிட்டேன். கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

அந்த நிலைமையில்தான் எஞ்சினியரிங் படித்துக்கொண்டிருந்த என் தம்பி மகன் வந்தான். பரண் மேல் கிடந்த ஒரு ரிமோட்டை எடுத்துத் தூசி தட்டினான். அதற்குரிய டெலிவிஷன் பெட்டி செத்துப்போய்ப் பழைய சாமான்காரரிடம் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது.

"இதை வச்சே உங்க கம்ப்யூட்டரை ஆட்டி வைக்கலாம் பெரியப்பா" என்றான்.

பெட்டி போன பிறகு ரிமோட்டுக்கு என்ன வேலை என்று நினைத்தேன். அவன் செய்து காட்டியதைச் சொல்லுவதற்கு முன்னால், அந்தச் சின்னக் குச்சியின் பூர்வோத்தரத்தைச் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் அது இருநூறு வருஷத்துக் கதை. அதில் ஒரு சங்கீதக்காரரும், ஒரு கோபக்காரரும், ஓர் அகதியும் வருகிறார்கள்.

*

சங்கீதக்காரரின் பெயர் வில்லியம் ஹெர்ஷல். 1738-ல் ஜெர்மனியில் ஹானோவர் நகரத்தில் பிறந்தவர். தகப்பனாரைப் போலவே ராணுவ பாண்டில் குழல் வாசித்தவர். பிறகு இங்கிலாந்துக்குப் போய், பாத் நகரத்துத் தேவாலயம் ஒன்றில் ஆர்கன் வாசித்தும் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தும் ஜீவனம் நடத்தினார். பகலெல்லாம் சங்கீதம், இரவெல்லாம் நட்சத்திரம். தாமே கண்ணாடி தேய்த்துத் தொலைநோக்கி செய்தார். 1781-ல் யுரேனஸ் என்ற கிரகத்தைக் கண்டுபிடித்தார். ஆர்கன் வாசிக்கிற உத்தியோகம் அதோடு முடிந்தது. அரசரே சம்பளம் கொடுத்தார்.

சூரியனைத் தொலைநோக்கியில் பார்க்க வேண்டுமானால் நடுவில் நிறக் கண்ணாடி வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஹெர்ஷல் பல நிறக் கண்ணாடிகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். ஒரு கண்ணாடியில் வெளிச்சமே அதிகம் வரவில்லை, ஆனால் கண்ணில் சூடு தாங்கவில்லை. இன்னொன்றில் வெளிச்சம் நிறைய வந்தது, சூடு இல்லை. அப்படியானால் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு சூடா? 1800-ஆம் வருஷம் அதைச் சோதித்தார். முப்பட்டைக் கண்ணாடியின் வழியாகச் சூரிய வெளிச்சத்தை ஏழு நிறமாகப் பிரித்து மேஜை மேல் விழச் செய்து, ஒவ்வொரு நிறத்திலும் ஒரு வெப்பமானியை வைத்தார். ஊதாவில் பாரன்ஹீட் கணக்குப்படி 2 டிகிரி ஏறியது. சிவப்பில் ஏறக்குறைய 7 டிகிரி. பிறகு வெப்பமானியைச் சிவப்புக்கும் அப்பால், வெளிச்சமே விழாத இடத்தில் வைத்தார். பாதரசம் இன்னும் மேலே ஏறியது.

வெறும் மேஜை என்று கண் சொல்லிய இடத்தில், ஒளி இருக்கிறது என்று வெப்பமானி சாட்சி சொல்லிற்று. நாம் இன்று அகச்சிவப்பு என்று சொல்லுவது அதைத்தான். ஹெர்ஷலுக்கு அதை வைத்து எதையும் தூரத்திலிருந்து ஆட்டி வைக்கும் எண்ணம் கிடையாது. அந்த ஒளி நம் வீட்டுக் கூடத்துக்கு வேலைக்கு வந்து சேர ஏறக்குறைய 180 வருஷம் ஆயிற்று. அதற்கு முன் வேலைக்கு வந்த ஆட்கள் வேறு. ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு குறை.

*

இப்போது கோபக்காரர். அமெரிக்காவில் சிக்காகோ நகரத்தில் ஜெனித் என்று ஒரு ரேடியோக் கம்பெனி. அதன் தலைவர் யூஜீன் மெக்டொனால்ட் கடற்படையில் இருந்தவர். கமாண்டர் என்றே எல்லோரும் அழைப்பார்கள். டெலிவிஷன் விற்றுப் பணம் சம்பாதித்த அந்த மனிதருக்கு டெலிவிஷனில் வரும் விளம்பரங்கள் மட்டும் பிடிக்கவே பிடிக்காது. நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் விளம்பரக்காரன் வாயை அடைக்க ஒரு வழி சொல்லுங்கள் என்று தம் எஞ்சினியர்களை விரட்டினார்.

1950-ல் முதல் வழி பிறந்தது. பெயர் லேஸி போன்ஸ். சோம்பேறி என்று செல்லமாகத் திட்டுகிற பெயர் அது. வாங்குகிறவனைத் திட்டுகிற பெயரையே சாமானுக்கு வைத்து விற்ற தைரியத்தை மெச்சத்தான் வேண்டும். ஆனால் பெட்டிக்கும் கைக்கும் நடுவே கூடம் முழுவதும் ஒரு வயர் ஓடியது. வருகிறவர் போகிறவர் எல்லாம் அதில் கால் தடுக்கினார்கள்.

1955-ல் யூஜீன் பாலி என்ற எஞ்சினியர் வயரை அறுத்தார். அவர் செய்தது துப்பாக்கி மாதிரி ஒரு டார்ச் விளக்கு. டெலிவிஷன் திரையின் நாலு மூலையிலும் ஒளியை உணரும் நாலு கண்கள். ஒரு மூலையில் வெளிச்சம் அடித்தால் படம் வரும் அல்லது அணையும். ஒரு மூலையில் சத்தம் அடங்கும். மற்ற இரண்டில் நிலையம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறும். விளம்பரக்காரனைத் துப்பாக்கியால் சுட்டு வாயை அடைப்பதில் கமாண்டருக்கு எவ்வளவு திருப்தி இருந்திருக்கும்! ஆனால் வெளிச்சத்துக்கு யஜமானன் அடித்த டார்ச்சும் ஒன்றுதான், ஜன்னல் வழியே விழும் வெயிலும் ஒன்றுதான். சூரியன் ஒரு மூலையைத் தொட்டால் நிலையம் தானே மாறிற்று.

அகதியின் பெயர் ராபர்ட் ஆட்லர். 1913-ல் வியன்னாவில் பிறந்து, அங்கேயே டாக்டர் பட்டம் பெற்றவர். ஹிட்லரின் படை ஆஸ்திரியாவை விழுங்கிய பிறகு நாட்டை விட்டு வெளியேறி, கடைசியில் சிக்காகோவில் ஜெனித் கம்பெனியில் வந்து சேர்ந்தார். வெளிச்சம் வேண்டாம் என்று முடிவான பின், ரேடியோ அலையை உபயோகிக்கலாமே என்ற யோசனை வந்தது. ரேடியோ அலை சுவரைத் தாண்டும். நாம் இங்கே பொத்தானை அழுத்தினால் பக்கத்து வீட்டுக்காரர் பெட்டியில் நிலையம் மாறும். சண்டைக்கு வழி. ஆகவே ஆட்லர் ஒலியைத் தேர்ந்தெடுத்தார். மனிதர் காதுக்கு எட்டாத உயர்ந்த ஸ்தாயியில் ஒலி.

1956-ல் வந்த அந்தச் சாதனத்துக்கு ஸ்பேஸ் கமாண்டு என்று பெயர். உள்ளே பாட்டரி கிடையாது. பாட்டரி தீர்ந்து போனால் ஜனங்கள் டெலிவிஷனே கெட்டுப் போய்விட்டது என்று நினைத்துக்கொள்வார்கள் என்று விற்பனைக்காரர்கள் பயந்தார்கள். அதனால் வெவ்வேறு நீளத்தில் நாலு அலுமினியக் கம்பிகள். பொத்தானை அழுத்தினால் சின்னச் சுத்தியல் ஒன்று கம்பியைத் தட்டும். ஜலதரங்கக் கிண்ணங்களைப் போல ஒவ்வொரு கம்பிக்கும் ஒவ்வொரு சுருதி. பெட்டிக்குள் இருக்கும் செவி அந்தச் சுருதியைக் கேட்டு அதற்குரிய வேலையைச் செய்யும். இந்தச் செவிக்காக மட்டும் பெட்டிக்குள் 6 வால்வுகள் கூடுதலாக வைக்க வேண்டியிருந்தது. விலை ஏறக்குறைய 30 சதவிகிதம் ஏறிற்று. இருந்தும் கால் நூற்றாண்டு இந்த முறைதான் கொடி கட்டிப் பறந்தது. சாவிக் கொத்து குலுங்கினாலும், மேஜையில் சில்லறை விழுந்தாலும் சில சமயம் நிலையம் மாறியது உண்டு. குடும்பத்தார் அதைப் பொறுத்துக்கொண்டார்கள். 1997-ல் பாலிக்கும் ஆட்லருக்கும் சேர்த்து எம்மி விருது கொடுத்துக் கௌரவித்தார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நாலு மூலை, நாலு கம்பி, நாலு வேலை. எந்தக் கம்பிக்கு எந்த வேலை என்பதைத் தொழிற்சாலையில் முடிவு செய்து பெட்டிக்குள் பூட்டிவிட்டார்கள். வாங்குகிறவருக்கு அழுத்தும் உரிமை உண்டு. அர்த்தம் சொல்லும் உரிமை இல்லை.

*

நாலு வேலை போதாது என்ற நிலைமை இங்கிலாந்தில் ஏற்பட்டது. 1974-ல் பி.பி.ஸி. நிறுவனம் ஸீஃபேக்ஸ் என்ற சேவையை ஆரம்பித்தது. டெலிவிஷன் திரையிலேயே செய்தி, வானிலை, பங்கு விலை எல்லாவற்றையும் எழுத்தாகப் படிக்கலாம். ஒவ்வொரு பக்கத்துக்கும் மூன்று இலக்க எண். வேண்டிய பக்கத்தின் எண்ணைச் சொன்னால் அது திரையில் வரும். எண்ணைச் சொல்ல வேண்டுமானால் பூஜ்யம் முதல் ஒன்பது வரை பத்துப் பொத்தான்கள் வேண்டும். அத்தனை கம்பியைத் தட்டி ஜலதரங்கக் கச்சேரி செய்ய முடியாது. அப்போதுதான் ஹெர்ஷலின் காணாத ஒளியைத் தேடிப் போனார்கள்.

அதற்குள் அந்த ஒளியை மலிவாகத் தரும் விளக்கும் தயாராகியிருந்தது. 1961-ல் அமெரிக்காவில் டெக்ஸஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் கம்பெனியில் ஜேம்ஸ் பியார்டு, கேரி பிட்மன் என்ற இருவர் காலியம் ஆர்ஸனைடு என்ற பொருளில் செய்த ஒரு சில்லில் மின்சாரத்தைப் பாய்ச்சியபோது, அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி வருவதைக் கண்டார்கள். கடுகு அளவுச் சில்லு. இரண்டு சிறு பாட்டரி போதும். அந்த விளக்கு எரிவதை நேயர்களும் பார்க்கலாம். கைப்பேசியின் காமிராவுக்கு எதிரே ரிமோட்டை நீட்டிப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். நம் கண்ணுக்கு இருட்டாக இருக்கும் மூக்கு நுனியில், பல கைப்பேசிகளின் திரையில் வெளிறிய ஊதாப் பொறி ஒன்று துடிக்கும்.

துடிக்கும் என்பதுதான் விஷயம். பாலியின் டார்ச்சைத் தோற்கடித்த சூரியனை இந்தத் துடிப்பு வென்றது. ரிமோட்டின் ஒளி ஒரே சீராக எரிவதில்லை. விநாடிக்குச் சுமார் 38,000 தடவை அணைந்து அணைந்து எரிகிறது. பெட்டியில் உள்ள கண் அந்தத் துடிப்பை மட்டும் கவனித்து, வெயில், விளக்கு, மெழுகுவர்த்தி எல்லாவற்றையும் ஒதுக்கிவிடுகிறது. திருவிழாக் கூட்டத்து இரைச்சலில் குழந்தை தன் தாயின் குரலை மட்டும் அடையாளம் கண்டுகொள்வதில்லையா, அது மாதிரி.

இந்தத் துடிப்பைச் சிறிது நேரம் விட்டும் சிறிது நேரம் நிறுத்தியும், தந்தி அடிப்பது போல, எண்கள் அனுப்பப்படுகின்றன. ஐரோப்பாவில் பிலிப்ஸ் கம்பெனி வகுத்த முறை ஆர்.ஸி.5. ஒரு தடவை பொத்தானை அழுத்தினால் பூஜ்யமும் ஒன்றுமாகப் 14 குறிகள் போகும். எல்லாம் ஒரு விநாடியில் நாற்பதில் ஒரு பங்கு நேரத்துக்குள் முடிந்துவிடும். அதில் 5 குறிகள் எந்த வகைப் பெட்டி என்பதைச் சொல்லும். 6 குறிகள் எந்த எண் என்பதைச் சொல்லும். 32 வகைப் பெட்டி. ஒவ்வொன்றுக்கும் 64 எண்கள். இன்னும் ஒரே ஒரு குறி, மிகவும் புத்திசாலித்தனமானது. ஒரு பொத்தானை விட்டு மறுபடி அழுத்தினால்தான் அது மாறும். ஒன்றாம் எண்ணை அழுத்திப் பிடித்திருக்கிறாரா, அல்லது 11 என்று சொல்ல இரண்டு தடவை அழுத்தினாரா என்பதை அதை வைத்துப் பெட்டி தெரிந்துகொள்ளும்.

ஆக, ரிமோட்டிலிருந்து "சத்தத்தைக் கூட்டு" என்று ஒரு கட்டளை புறப்படுவதாக நாம் நினைத்தால் அது தவறு. "பூஜ்யம் வகைப் பெட்டி, 16" என்று ஓர் எண் புறப்படுகிறது. அவ்வளவுதான். 16 என்றால் சத்தத்தைக் கூட்ட வேண்டும் என்று அர்த்தம் பண்ணிக்கொள்வது கேட்கிற பெட்டி. கேட்கிறவர் மாறினால் அர்த்தமும் மாறலாம். இந்தச் சின்ன உண்மைக்குள் என்ன சுதந்திரம் ஒளிந்திருக்கிறது என்பது வெகு காலம் யாருக்கும் உறைக்கவில்லை.

*

கம்ப்யூட்டர் செய்கிறவர்களும் அகச்சிவப்பை விட்டு வைக்கவில்லை. 1983 நவம்பரில் ஐ.பி.எம். கம்பெனி வீட்டு உபயோகத்துக்காகப் பி.ஸி.ஜூனியர் என்ற கம்ப்யூட்டரை அறிவித்தது. அதன் விசைப்பலகைக்கு வயர் இல்லை, அகச்சிவப்பில் பேசிற்று. ஆனால் ஒரே அறையில் இரண்டு ஜூனியர்கள் இருந்தால், ஒருவர் தட்டியது இன்னொருவர் திரையில் விழும். பள்ளிக்கூடத்து வகுப்பறையில் இது என்ன கோலாகலமாக இருந்திருக்கும்! 1985-ல் அதன் உற்பத்தி நின்றது. 1987-ல் ஆப்பிள் கம்பெனியை ஸ்தாபித்தவர்களில் ஒருவரான ஸ்டீவ் வாஸ்னியாக், கோர் என்று ஒரு ரிமோட்டைக் கொண்டு வந்தார். மற்ற ரிமோட்டுகளின் பாஷையைக் கேட்டுக் கற்றுக்கொண்டு, எல்லாப் பெட்டிகளோடும் பேசக்கூடியது. பேசுகிற குச்சி புத்திசாலியாயிற்று. கேட்கிற பெட்டிகள் பழையபடியேதான் இருந்தன.

கேட்கிற பக்கத்தை மாற்றியவர்கள் பெரிய கம்பெனிக்காரர்கள் அல்ல. 1991-ல் பின்லாந்து தேசத்து மாணவர் லினஸ் டார்வால்ட்ஸ் எழுத ஆரம்பித்த லினக்ஸ் என்ற மென்பொருளைச் சுற்றிப் பல தேசத்துத் தன்னார்வலர்கள் கூடினார்கள். அவர்களில் சிலர் சேர்ந்து, 1990-களின் பிற்பகுதியில், லிர்க் என்ற நிரலை உருவாக்கினார்கள். லினக்ஸ் இன்ஃப்ராரெட் ரிமோட் கண்ட்ரோல் என்பதன் சுருக்கம் அது. கிறிஸ்டோஃப் பார்டெல்மஸ் என்பவர் வெகு காலம் அதைப் பேணி வளர்த்தார். விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு வின்லிர்க் என்று ஒன்றும் வந்தது. எல்லாம் இனாம்.

லிர்க் செய்யும் வேலையை இரண்டு பாகமாகச் சொல்லலாம். முதல் பாகம், கேட்பது. எந்த ரிமோட்டானாலும் சரி, அதன் ஒவ்வொரு துடிப்பும் எத்தனை நேரம் நீடிக்கிறது என்று அளந்து, அது எந்தப் பொத்தான் என்று கண்டுகொள்ளும். இரண்டாவது பாகம், அர்த்தம் சொல்லுவது. அதற்கு ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. இந்தப் பொத்தானை அழுத்தினால், இந்த நிரல், இந்தக் காரியத்தைச் செய்ய வேண்டும் என்று அதில் எழுதி வைத்தால் போதும். நிகண்டு எழுதுவது போலத்தான். அந்த நிகண்டு தொழிற்சாலையில் பூட்டி வைக்கப்படவில்லை. வீட்டுக்காரர் கையில் இருக்கிறது. வேண்டுமானால் அடித்துத் திருத்தி எழுதலாம்.

இப்போது என் தம்பி மகனிடம் திரும்பி வருவோம்.

மூன்று கால் உள்ள ஓர் அகச்சிவப்புக் கண்ணைக் கடையில் வாங்கி வந்தான். அதோடு ஒரு டையோடு, ஒரு ரெஸிஸ்டர், ஒரு கப்பாஸிட்டர், 5 வோல்ட்டில் நிறுத்துகிற ஒரு ரெகுலேட்டர். எல்லாம் சேர்ந்து நூறு ரூபாயைத் தொடவில்லை. எங்கள் சமையலறை மேடையில் சால்டரிங் இரும்பை வைத்து ஈயப் பற்று வைத்தான்; சாம்பார் வாசனையும் ஈயப்புகையும் கலந்து வந்ததற்காக என் மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். கம்ப்யூட்டரின் முதுகில் ஒன்பது ஊசி உள்ள ஸீரியல் போர்ட் ஒன்று உண்டு. அந்த ஊசிகளில் ஒன்றிலிருந்தே கண்ணுக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொண்டான். கண் பார்த்ததை இன்னொரு ஊசியில் கொடுத்தான். அந்த ஊசி, முன்காலத்தில் டெலிபோன் வழியாகப் பேசும் மோடம், "மறுமுனை கிடைத்துவிட்டது" என்று கம்ப்யூட்டருக்குத் தெரிவிப்பதற்காக ஏற்பட்டது. எனக்கும் மறுமுனை கிடைக்காமல்தான் கிடந்தேன், பொருத்தமான ஊசிதான்.

பிறகு ரிமோட்டின் பாஷையை லிர்க்குக்குக் கற்பித்தான். பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்தச் சொல்லி அது கேட்கிறது. நாம் அழுத்த அழுத்தத் திரையில் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே போகிறது. பாட்டு வாத்தியார் முன் உட்கார்ந்த குழந்தை மாதிரி அத்தனை பொறுமை அதற்கு.

எல்லாம் முடிந்ததும் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு என் கட்டிலுக்கு அருகில் வந்து உட்கார்ந்தான்.

"சொல்லுங்க பெரியப்பா. எந்தப் பொத்தான் எதுக்கு?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இத்தனை வயதில் எத்தனையோ யந்திரங்கள் வாங்கியிருக்கிறேன். எந்தப் பொத்தான் எதற்கு என்று என்னைக் கேட்டவர் ஒருவரும் இல்லை. நிலையத்தை உயர்த்தும் பொத்தான் அடுத்த பக்கத்துக்கு. தாழ்த்துவது முந்திய பக்கத்துக்கு. சிவப்பு நாகஸ்வரத்துக்கு. சத்தத்துக்குரியது சத்தத்துக்கே இருக்கட்டும். பூஜ்யத்தை அழுத்தினால் கம்ப்யூட்டரிலிருந்து மணி அடிக்க வேண்டும். அது அவசரத்துக்கு ஆளைக் கூப்பிட. இப்படி நான் சொல்லச் சொல்ல அவன் எழுதினான். பக்கம் புரட்டுகிற நிரலுக்கு லிர்க் என்றால் என்னவென்றே தெரியாது. அதற்கும் வழி இருந்தது. நாம் ரிமோட்டை அழுத்தினால், விசைப்பலகையில் யாரோ விசையைத் தட்டியதாக அந்த நிரலை நம்ப வைக்க ஒரு துணை நிரல் இருக்கிறது.

முதல் தடவை அழுத்தியபோது மூன்று பக்கம் ஓடிவிட்டது. படுத்தவன் விரல் பொத்தானில் கொஞ்சம் அதிக நேரம் தங்கிவிடுகிறது. ரிமோட் அதே எண்ணைத் திரும்பத் திரும்பச் சொல்லுகிறது. "திரும்பச் சொன்னால் காதில் வாங்காதே" என்று கோப்பில் ஒரு வரி சேர்த்தான். மறுபடி அழுத்தினேன். பத்தடி தூரத்தில் ஒரே ஒரு பக்கம் புரண்டது.

யாரையும் கூப்பிடாமல் நானே புரட்டிய பக்கம்! நோயில் கிடந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்கு விளக்க என்னால் முடியாது.

*

எழுத்துக்களைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு என் நாவலை முதலிலிருந்து படித்தேன். ரிமோட்டால் பக்கம் புரட்டலாம். ஒரு எழுத்தைக்கூடத் திருத்த முடியாது. எழுத்தாளனுக்கு இதைவிடக் கடுமையான தண்டனையோ இதைவிடச் சிறந்த வைத்தியமோ கிடையாது. எழுதியவன் படிப்பது போலப் படிக்காமல் வாசகன் படிப்பது போலப் படித்தேன். அதில் ஒரு கிழவர் வருகிறார். ஊஞ்சலில் சாய்ந்துகொண்டு எல்லோரையும் ஏவுகிறவர். வீட்டார் அவரைப் பரிகாசம் செய்வார்கள். வேடிக்கைக்காக நான் சேர்த்த பாத்திரம். எங்கள் பெரியப்பாதான் அவர் என்று நேயர்கள் ஊகித்திருப்பீர்கள்.

அந்த இடத்தில் பக்கம் புரட்டாமல் நிறுத்தினேன். ஐம்பது வருஷத்துக்கு முந்திய ராத்திரிகள் நினைவுக்கு வந்தன. கூடத்து இருட்டில் பெரியம்மா விளக்கெண்ணெயைச் சுட வைத்துப் பெரியப்பாவின் முழங்கால்களில் தேய்த்துக்கொண்டிருப்பாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார். நாங்கள் அதைத் தினமும் பார்த்தோம். விசிறியையும் முழங்காலையும் சேர்த்துப் பார்க்க எங்களில் ஒருவனுக்கும் தோன்றவில்லை. வலி என்று சொல்லிக்கொள்வதைவிடச் சோம்பேறி என்று பெயர் வாங்குவது அவருக்குக் கௌரவமாக இருந்ததோ என்னவோ!

பிற்பாடு படித்து அறிந்த ஒரு செய்தியை இங்கே சொல்ல வேண்டும். சிக்காகோவில் ஸ்பேஸ் கமாண்டு விற்பனைக்கு வந்து நாலு வருஷம் கழித்து, 1960-ல், இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டெவில் ஆஸ்பத்திரிக்கு ரெஜ் மேலிங் என்பவர் நோயாளிகளைப் பார்த்துப் பேசி வரப் போய்க்கொண்டிருந்தார். முதுகெலும்பு முறிந்து கை கால் வராமல் கிடப்பவர்கள் அங்கே நிறையப் பேர். அவர்கள் யாரையாவது கூப்பிட வேண்டுமானால் ஒரு மணியைத் தவிர வேறு வழி இல்லாததைக் கண்டார். அவருடைய முயற்சியால் ஒரு கருவி உருவாயிற்று. குழாயில் மூச்சை இழுத்தும் ஊதியும் விளக்குப் போடலாம், டெலிபோன் பேசலாம், டைப் அடிக்கலாம். கருவியின் நீண்ட பெயரைச் சுருக்கிப் பாஸம் என்று அழைத்தார்கள். லத்தீன் பாஷையில் அந்தச் சொல்லுக்கு "என்னால் முடியும்" என்று அர்த்தம்.

சிக்காகோக்காரர் வைத்த பெயர் சோம்பேறி. ஆஸ்பத்திரியில் வைத்த பெயர் என்னால் முடியும். இரண்டும் எழுந்து போகாமல் காரியம் செய்கிற சாதனங்கள்தான். யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்துப் பெயர் மாறுகிறது.

அதற்குப் பின் காலம் வேகமாக ஓடிவிட்டது. 2002-ல் மைக்ரோஸாஃப்ட் கம்பெனியே கூடத்தில் வைக்கும் கம்ப்யூட்டருக்கென விண்டோஸில் தனிப் பதிப்பு ஒன்றை ரிமோட்டோடு கொண்டு வந்திருந்தது. 2005-ல் ஆப்பிள் கம்பெனி ஆறே பொத்தான் உள்ள வெள்ளை ரிமோட் ஒன்றைக் கொடுத்தது. 2010-ல் லிர்க்கின் வேலையில் பெரும் பாகம் லினக்ஸின் உட்கருவுக்குள்ளேயே சேர்க்கப்பட்டது. ஸீரியல் போர்ட் மறைந்து விரல் நீளத்து யு.எஸ்.பி. கண்கள் வந்தன. கைப்பேசியாலும் வாய்ப்பேச்சாலும் கம்ப்யூட்டரை ஏவுகிற காலமும் வந்தது. இருந்தாலும் ஏ.ஸி. யந்திரத்தையும் சாதாரண டெலிவிஷனையும் இன்னமும் பெரும்பாலும் ஹெர்ஷலின் காணாத ஒளிதான் ஆண்டு வருகிறது.

கட்டுப் பிரித்து எழுந்த மறுநாள் நான் செய்த முதல் காரியம், அந்தக் கிழவர் வரும் அத்தியாயத்தைத் திரும்ப எழுதியது. அவர் இப்போதும் ஊஞ்சலில் சாய்ந்துகொண்டு எல்லோரையும் கூப்பிடுகிறார். ஆனால் ஒரு பையன் மட்டும், கூப்பிடுவதற்கு முன்பே, விசிறியை ஊஞ்சல் பலகையில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறான். ஏன் என்று நாவலில் சொல்லவில்லை.

ரிமோட் என் மேஜை டிராயரில் இருக்கிறது. பொத்தான்களின் மேல் தம்பி மகன் ஒட்டிய காகிதத் துண்டுகளில் மை மங்கிவிட்டது. ஆனாலும் எந்தப் பொத்தான் எதற்கு என்று எனக்கு மறக்கவில்லை. சொன்னவன் நான் அல்லவா?